நியாயமான கூலிக்கும் சேர்த்து விதிக்கப்படும் வரி

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் இறக்குமதி வரி 50 சதவீதத்தை எட்டியது. அப்போது தமிழ்நாட்டில் எழுந்த கவலை, திருப்பூரின் பெரிய ஏற்றுமதியாளர்களையும் அவர்களிடம் லட்சக்கணக்கில் பீஸ் வாங்கும் அமெரிக்கப் பேரங்காடிகளையும் சுற்றியே இருந்தது. அந்தக் கவலைக்கு முழு நியாயம் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பும் ஒரு ஊர், தன் வணிகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நம்பியிருந்த சந்தை அது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த மாதம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குச் செல்லும்போது தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அங்கே செல்கிறது என்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

இந்தப் பெரிய எண்களுக்குள் அதிகம் பேசப்படாத ஒரு சிறிய வணிகம் இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்து நடத்தும் ஆடை நிறுவனங்கள் ஒரு தடவைக்கு ஆயிரம், மூவாயிரம் பீஸ் என்ற அளவில், இயற்கை வேளாண் பருத்தியில், சான்றிதழ் பெற்ற சாயப்பட்டறையில் சாயமேற்றி, முறையான கூலி தரும் தையல் கூடத்தில் தைத்து வாங்குகின்றன. அவற்றுக்கு உற்பத்தி செய்துதரும் சிறு ஏற்றுமதியாளர்கள் திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். அறம் சார்ந்த ஆடை வணிகம் என்று இதைச் சொல்கிறோம். இறக்குமதி வரி எல்லோர் மீதும் ஒரே சதவீதத்தில்தான் விழுகிறது. ஆனால் அது இவர்களை மற்றவர்களைவிடக் கூடுதலாக அழுத்துகிறது. அதற்குக் காரணம், வரி கணக்கிடப்படும் முறையிலும் இந்த வணிகம் கட்டப்பட்டிருக்கும் முறையிலும் இருக்கிறது.

இத்தகைய ஆடையின் விலை ஏன் கூடுதல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமான தொழிலாளர்கள் இறந்த பிறகு, தாங்கள் உடுத்தும் துணி யார் கையால் எந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டது என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் மேலை நாடுகளில் பெருகினார்கள். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துவந்து விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகளின் கவனத்தை இந்தப் பகுதியின் பக்கம் திருப்பியது. நொய்யலாற்றில் கலந்த சாயக்கழிவு இன்னொரு காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பிறகே, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே கட்டாய நடைமுறையாக வேரூன்றியது. அந்தச் சுத்திகரிப்புக்கு மின்சாரம், சவ்வு வடிகட்டிகள், ஆவியாக்கும் கலன்கள், மிஞ்சும் உப்புக்கசடைச் சேமித்துவைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். சாயக்கூலியில் அது ஏறுகிறது, துணி விலையில் சேர்கிறது.

இயற்கைப் பருத்திக்கான பன்னாட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமானால், பஞ்சு அரைக்கும் ஆலை, நூற்பாலை, நிட்டிங், டையிங், தையல் என ஒவ்வொரு படியும் தனித்தனியே தணிக்கைக்கு உட்பட வேண்டும். சிறிய ஆர்டர் என்பதால் ஒரு நிறத்துக்குச் சாயமேற்றும் துணியின் அளவும் குறைவு, எனவே கிலோவுக்கான செலவு கூடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கான தையல் கூலியை, இறுக்காமல், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கொடுத்து, சேமநிதியும் மருத்துவக் காப்பீடும் முறையாகக் கட்டும் தையல் கூடத்தின் செலவு இருக்கிறது. சாதாரண டி-ஷர்ட் ஒன்றைத் திருப்பூரில் 3 டாலருக்கு வாங்க முடிகிறது என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன எல்லாவற்றையும் உள்ளடக்கிய டி-ஷர்ட்டுக்கு 8 டாலர் ஆகலாம். இந்த இரண்டு விலைகளும் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. இடையிலுள்ள 5 டாலர் வித்தியாசம்தான் இந்த வணிகத்தின் உயிர். வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் விலை போய்ச் சேர வேண்டிய இடம் அது.

அமெரிக்கச் சுங்கத் துறை ஆடைகளுக்குப் பெரும்பாலும் விலையின் அடிப்படையில்தான் வரி கணக்கிடுகிறது. கப்பலில் ஏற்றப்படும்போது பொருளுக்குக் கொடுத்த விலையே அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலைக்கு வரி, அமெரிக்காவில் அவற்றை விட்டுவிடுவார்கள். பருத்தியில் பின்னப்பட்ட டி-ஷர்ட்டுக்குப் பல ஆண்டுகளாகவே 16.5 சதவீத வரி இருந்து வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 5 முதல் அதன் மேல் 10 சதவீதம் ஏறியது. ஆகஸ்ட் 7 அன்று இந்தியாவுக்கு அந்தப் 10 சதவீதம் 25 ஆனது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. மொத்தம் 66.5 சதவீதம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3 டாலர் டி-ஷர்ட்டின் வரி முன்பு அரை டாலர், ஆகஸ்ட் இறுதியில் ஏறத்தாழ 2 டாலர். 8 டாலர் டி-ஷர்ட்டின் வரி முன்பு 1.32 டாலர், பிறகு 5.32 டாலர். அதாவது, முன்னதற்குக் கூடுதல் சுமை 1.50 டாலர், பின்னதற்கு 4 டாலர். இதில் மனத்தைத் தைப்பது வேறொரு எண். நல்ல பருத்திக்கும் சுத்தமான ஆற்றுக்கும் முறையான கூலிக்குமாகக் கூடுதலாகக் கொடுத்த அந்த 5 டாலர் வித்தியாசத்தின் மீது மட்டும் 66.5 சதவீத வரி 3.30 டாலருக்கு மேல் வருகிறது. எதிலும் அக்கறை காட்டாமல் தைத்த டி-ஷர்ட்டின் முழு விலையைவிட இது அதிகம். விலைவழி வரிக்குக் கூலி வேறு, லாபம் வேறு என்ற பாகுபாடு கிடையாது. ஒரு தையல்காரருக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால், அந்த நூறு ரூபாய்க்கும் சேர்த்து நியூயார்க் துறைமுகத்தில் வரி கட்ட வேண்டும்.

இந்த 4 டாலர் அங்கேயே நிற்பதில்லை. கப்பல், காப்பீடு, சுங்க முகவர் கட்டணம் ஆகியவற்றுக்கு 80 சென்ட் என்று கொண்டால், பழைய வரியில் அந்த டி-ஷர்ட் கிடங்குக்கு வந்துசேரும்போது அடக்கவிலை 10.12 டாலர். அதைச் சிறு கடைகளுக்கு 19 டாலருக்குக் கொடுத்தால் 8.88 டாலர் மிஞ்சும். வடிவமைப்பு, மாதிரித் துணி, கிடங்கு வாடகை, சம்பளம், இணையதளம், திரும்பி வரும் சரக்கு எல்லாமே அந்த 8.88-க்குள் அடங்க வேண்டும். புதிய வரியில் அடக்கவிலை 14.12, மிஞ்சுவது 4.88. இந்த இழப்பை விலையில் ஏற்றிக் கடைக்கு 23 டாலர் என்று சொன்னால், வாங்கிய விலையை இரட்டித்து விற்பது அங்கே சிறு துணிக்கடைகளின் வழக்கம் என்பதால், 38 டாலருக்கு விற்ற சட்டை 46 டாலராகும். துறைமுகத்தில் 4 டாலராக நுழைந்த வரி வாடிக்கையாளரிடம் 8 டாலராகப் போய்ச் சேர்கிறது. அறத்தின் பொருட்டு ஏற்கனவே கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியரோ செவிலியரோ அந்த இடத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

லாபக் குறைவைவிட விரைவில் ஒரு சிறு நிறுவனத்தை மூட வைப்பது ரொக்கத் தட்டுப்பாடு. 3,000 டி-ஷர்ட் கொண்ட ஒரு ஷிப்மென்டுக்கு முன்பு 3,960 டாலர் வரி. பிறகு 15,960 டாலர். சரக்கு சுங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில நாட்களுக்குள், ஒரு சட்டைகூட விற்பதற்கு முன்பாக, இந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு வங்கிக் கடன் வரம்பு இருக்கிறது. சிறு நிறுவனத்தின் உரிமையாளர் பல நேரங்களில் தன் வீட்டின் மீதோ கடன் அட்டையின் மீதோதான் கடன் எடுக்கிறார். அந்தப் பணம் அடுத்த பருவத்துக்கான நூலுக்கும் துணிக்கும் முன்பணமாகப் போக வேண்டிய பணம். சிறு ஏற்றுமதியாளருக்கு முன்பணம் கொடுப்பது அறம் சார்ந்த வணிகத்தின் முக்கியமான நடைமுறைகளில் ஒன்று. முன்பணம் நின்றால் திருப்பூரில் நூல் வாங்க அவர் வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டும்.

வரி விகிதத்தின் உயரம் ஒரு பக்கம் என்றால், அது மாறிய வேகம் இன்னொரு பக்கம். ஒரே டி-ஷர்ட்டுக்கு ஏப்ரல் 4 அன்று 16.5, மறுநாள் 26.5, ஆகஸ்ட் 7 அன்று 41.5, ஆகஸ்ட் 27 அன்று 66.5 சதவீதம். நூல் வாங்கி, பின்னி, சாயமேற்றி, வெட்டி, தைத்து, செக்கிங் முடித்துப் பெட்டியில் அடைக்க இரண்டு மூன்று மாதம். தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கக் கரைக்கு ஒரு மாதத்துக்கு மேல். சிறு நிறுவனங்கள் கடைக்காரர்களிடம் பருவத்துக்கு அரையாண்டு முன்பே விலை சொல்லி ஆர்டர் எடுத்துவிடுகின்றன. சொன்ன விலையை அவர்களால் மாற்ற முடியாது, சரக்கு கடலில் இருக்கும்போது வரியோ மாறிக்கொண்டேயிருக்கிறது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி செப்டம்பர் 17-க்குள் சுங்கத்தில் பதிவான சரக்குக்குப் புதிய 25 சதவீதத்திலிருந்து விலக்கு உண்டு என்று அறிவித்தபோது, கொழும்பில் கப்பல் மாறும் திருப்பூர்ச் சரக்குக்கு அந்த மூன்று வாரம் போதுமானதாக இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இப்படிப்பட்ட வரியிலிருந்து நழுவச் சில வழிகள் உண்டு. அவை ஒவ்வொன்றும் சிறு நிறுவனத்துக்கு அடைபட்டிருப்பது தற்செயல் அல்ல.

நாடு மாற்றுவது முதல் வழி. ஆகஸ்ட் 7 முதல் வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கும் இந்தோனேசியாவுக்கும் கம்போடியாவுக்கும் 19 சதவீதம் என்று கூடுதல் வரி நிர்ணயிக்கப்பட்டது. இந்தியாவின் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்தாறு நாடுகளில் உற்பத்தி வைத்திருக்கும் ஒரு பெரிய பையர் (கொள்முதல் செய்பவர்) தன் ஆர்டரை எங்கே திருப்புவார் என்பது தெளிவு. சிறு நிறுவனத்துக்குத் தொழிற்சாலை ஒன்றுதான். பல ஆண்டுகளாகப் போய்வந்து, தொழிலாளர்களிடம் நேரில் பேசி, சம்பளப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டிய நம்பிக்கை அது. அதன் விளம்பரமே அந்தத் தையல் கூடத்தின் பெயரும் அங்கே வேலை செய்பவர்களின் கதையும்தான். வரி குறைவான நாட்டுக்கு ஓடினால் மறுபடி சான்றிதழ், மறுபடி தணிக்கை, மறுபடி மாதிரி என்று ஓராண்டு போய்விடும். போகட்டும் என்று ஓடினாலும், விட்டுவந்த தையல் கூடத்துக்குச் செய்த துரோகமாக அது முடியும். ஓட மாட்டோம் என்ற வாக்குறுதியின் மேல் நிற்கும் வணிகத்துக்கு, ஓடுபவர்களுக்கே சலுகை தரும் வரி அமைப்பு கடும் தண்டனை.

வரி ஏறும் முன்பே சரக்கைக் குவித்துக்கொள்வது இரண்டாவது வழி. 2025 வசந்த காலத்தில் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. அதற்குப் பணமும் கிடங்கும் வேண்டும். தேவைக்கு மேல் தைத்துக் குவிப்பதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இரண்டும் இல்லை.

மூன்றாவது வழி வெளியே அதிகம் தெரியாதது. பொருள் ஓர் இடைத்தரகர் வழியாக வரும்போது, இறக்குமதியாளர் தரகருக்குக் கொடுத்த விலைக்குப் பதிலாகத் தரகர் தொழிற்சாலைக்குக் கொடுத்த முதல் விலையைக் காட்டி வரி கட்ட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஹாங்காங் போன்ற இடங்களில் உள்ள கொள்முதல் நிறுவனங்கள் வழியாக வாங்குவோருக்கு இதனால் வரி கணிசமாகக் குறைகிறது. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகத் தொழிற்சாலையிடம் வாங்குவதுதான் அறம் சார்ந்த வணிகத்தின் அடிப்படை என்பதால், காட்டுவதற்கு அதனிடம் குறைந்த விலை என்று ஒன்று கிடையாது. வெளிப்படையாக இருப்பதாலேயே அது முழு வரியைக் கட்டுகிறது.

இந்தக் கூடுதல் வரிகளை முதலில் அறிவித்த 2025 ஏப்ரல் 2 ஆணையில் இன்னொரு சலுகையும் இருந்தது. பொருளின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்காவில் விளைந்ததாக இருந்தால், அந்தப் பகுதிக்குக் கூடுதல் வரி கிடையாது. அமெரிக்கப் பருத்தியை வாங்கித் துணி நெய்யும்படி ஆசிய நாடுகளைத் தூண்டும் ஏற்பாடு இது. இந்தியாவின் சிறு விவசாயிகள் ரசாயனமின்றி விளைவித்த பருத்தியை வாங்குவதற்காகவே பிறந்த நிறுவனங்கள், இந்தச் சலுகைக்காக அந்த விவசாயிகளை விட்டுவிட்டு டெக்சாஸ் பஞ்சுக்கு மாறினால், பிறகு அவை நடப்பதற்கே காரணம் இருக்காது.

வரி அட்டவணையை ஒருமுறை படித்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். துணி என்ன இழை, பின்னியதா நெய்ததா, ஆணுக்கா பெண்ணுக்கா குழந்தைக்கா என்று அது நுணுக்கமாகப் பிரிக்கிறது. எப்படிச் செய்யப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை. இயற்கைப் பருத்திக்கும் பூச்சிமருந்தில் ஊறிய பருத்திக்கும் ஒரே வரி விகிதம். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து மறுசுழற்சியில் எடுத்த பாலியஸ்டர் இழையும் செயற்கை இழை என்ற தலைப்பின் கீழேயே வருவதால், அதில் செய்த டி-ஷர்ட்டுக்கு அடிப்படை வரியே 32 சதவீதம். அதே அட்டவணையில் காஷ்மீரக் கம்பளி ஸ்வெட்டருக்கு வெறும் 4 சதவீதம்தான்! உழைக்கும் மக்கள் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32 சதவீதம்.

சுங்கச் சட்டம் உற்பத்தி முறையைப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது தடை. கட்டாய உழைப்பில் உருவான பொருட்களை 1930-ஆம் ஆண்டின் வரிச் சட்டமே தடுக்கிறது. சின்ஜியாங் பருத்தி மீதான தடை 2022 ஜூன் முதல் கடுமையாக அமலாகிறது. கொடுமைக்குக் கதவை மூடச் சட்டத்துக்குத் தெரிகிறது. ஆனால் நன்றாக நடந்துகொள்பவருக்கு ஒரு சதவீதம் குறைத்துக் கொடுக்க அதில் வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை ஒப்பந்தங்களைக் கடைப்பிடிப்பதோடு வரிவிலக்கை இணைக்கிறது. போருக்குப் பின் இலங்கை அந்தச் சலுகையை 2010-இல் இழந்து 2017-இல் மீண்டும் பெற்றது. ஆனால் அங்கேயும் மதிப்பிடப்படுவது நாடு. அரசு செய்த தவறுக்கு ஒவ்வொரு தையல் கூடமும் தண்டனை பெறுகிறது, தனியொரு தையல் கூடத்தின் நற்செயலுக்கு எந்தக் கணக்கும் இல்லை. 'குற்றமற்ற ஆடைகள்' என்ற பொருளில் 2006 முதல் தன்னை முன்னிறுத்தி வந்த இலங்கை ஆடைத் தொழில்மீது 2025 ஏப்ரலில் அமெரிக்கா முதலில் அறிவித்தது 44 சதவீதம். அந்த எண், இலங்கையோடு அமெரிக்காவுக்கு இருந்த சரக்கு வணிகப் பற்றாக்குறையை அங்கிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பால் வகுத்து, பாதியாக்கிப் பெறப்பட்டது. தொழிற்சாலைகள் எப்படி நடக்கின்றன என்பதற்கு அந்த வகுத்தலில் இடமே இல்லை.

வரியைக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர் என்றாலும், சுமை அவரோடு நிற்பதில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு திருப்பூரில் பையர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி எவ்வளவு தள்ளுபடி தருவீர்கள் என்பதுதான். பின்னலாடை ஏற்றுமதியில் லாப விகிதம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது, 10 சதவீதம் தள்ளுபடி என்பது எங்கிருந்து வரும்? நூல் விலை ஆலையின் கையில், சாயக்கூலி சுத்திகரிப்புச் செலவில் கட்டுண்டது, மின்கட்டணம் வாரியத்தின் கையில். அசைக்கக்கூடியதாக மிஞ்சுவது தையல் கூலியும் வேலை நேரமும்தான். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிப் பேசிச் செய்யும் கூலி ஒப்பந்தம் ஏட்டில் அப்படியே இருக்கும். ஆனால் வாரத்தில் ஆறு ஷிப்ட் நான்கானால், பீஸ் ரேட்டில் பவர் டேபிளில் (மின்தையல் மேசையில்) தைக்கும் தொழிலாளிக்கு அந்த ஒப்பந்தத்தால் என்ன பயன்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் வேலை குறைந்தால் ஊருக்கு ரயிலேறுவார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

அறம் சார்ந்த நிறுவனம் இங்கேதான் கடினமான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. தள்ளுபடி கேட்டால், தான் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதையே அறுக்கிறது. கேட்காமல் முழு வரியையும் தானே சுமந்தால், இரண்டு பருவத்துக்கு மேல் தாங்காது. விலையை ஏற்றினால் விற்பனை குறைந்து அடுத்த ஆர்டர் 3,000 பீஸிலிருந்து 1,500-ஆகச் சுருங்கும். தொழிற்சாலைக்கு அதுவும் தள்ளுபடி கொடுத்தது போலத்தான் வந்து முடியும். என் பார்வையில் மூன்றில் தீங்கு குறைந்தது விலை ஏற்றுவதே. காரணத்தை வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லி, வரித்தொகையை விலைச்சீட்டில் தனியாகக் காட்டி ஏற்றும்போது, சுமை எங்கிருந்து வந்தது என்பதாவது தெரிகிறது. தள்ளுபடியாக வாங்கினால் அந்தச் சுமை திருப்பூரின் சம்பளச் சீட்டுக்குள் மறைந்துபோகும்.

அமெரிக்காவிலேயே தைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே விற்கும் ஆடையில் 95 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. மிஞ்சியிருக்கும் தையல் தொழில் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருக்கிறது. உள்நாட்டில் தைத்தது என்பதாலேயே அது நியாயமாகத் தைக்கப்பட்டதாகிவிடாது. தெற்குக் கலிபோர்னியாவின் தையல் கூடங்களில் அமெரிக்கத் தொழிலாளர் துறை 2022-இல் நடத்திய ஆய்வில், 80 சதவீத இடங்களில் கூலிச் சட்ட மீறல் கண்டறியப்பட்டது. ஒரு இடத்தில் மணிக்கு 1.58 டாலர்தான் கொடுக்கப்பட்டிருந்தது. பீஸ் ரேட் முறையைக் கலிபோர்னியா 2022 ஜனவரி முதல் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டிவந்தது. நூல், துணி, ஜிப், பட்டன் ஆகியவை வெளியிலிருந்து வரும்போது அவற்றுக்கும் வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரி மாற்றங்கள் எல்லாமே இந்த வணிகத்துக்கு எதிரானவை என்று சொல்ல முடியாது. 2016 முதல் அமெரிக்காவுக்குள் 800 டாலர் வரையிலான சிறு பொட்டலங்கள் வரியின்றி நுழைய முடிந்தது. 2024 நிதியாண்டில் அப்படி நுழைந்தவை 130 கோடிக்கும் மேல். சீனாவிலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பும் அதிமலிவு இணைய ஆடை விற்பனையாளர்கள் இந்தச் சலுகையின் மேல்தான் வளர்ந்தார்கள். கன்டெய்னரில் கொண்டுவந்து முழு வரி கட்டிய சிறு நிறுவனம், வரியே கட்டாத 5 டாலர் சட்டையோடு போட்டியிட்டது. 2025 மே 2 அன்று சீனாவுக்கும் ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகை நீக்கப்பட்டதில், அந்த அநீதியின் ஒரு பகுதி நீங்கியது. ஆனால் அதே அடி, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இயற்கைச் சாயத் துணியையும் குழந்தைகள் ஆடையையும் கைத்தறிப் புடவையையும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாக அஞ்சலில் அனுப்பிவந்த சிறு விற்பனையாளர்கள் மீதும் விழுந்தது. வரியை யார் எப்படி வசூலிப்பது என்ற தெளிவில்லாமல் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் நடுவில்தான் சேவை திரும்பியது. தீபாவளிக்கு முந்தைய அந்த வாரங்கள் இவர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை ஈட்டித் தருபவை.

வேறு சந்தை தேடுவது நீண்டகால வழி. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தம், அதுவரை 12 சதவீதம் வரை வரி இருந்த இந்திய ஆடைகளுக்கு அங்கே வரிவிலக்குக்கு வழி செய்கிறது. இந்தியாவும் தன் பங்குக்குப் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு முடியும்வரை நிறுத்திவைத்தது. நூற்பாலைகளுக்கு அது உதவியது. உள்நாட்டுப் பருத்தி விவசாயிகள் அதை எதிர்த்ததற்கும் காரணம் உண்டு. இயற்கைப் பருத்தி வாங்கும் சிறு ஏற்றுமதியாளருக்கு அதனால் நேரடிப் பயன் பெரிதாக இல்லை.

இந்த வரிகளை முதலில் நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்றவர்கள் பெரும் நிறுவனங்கள் அல்லர், சிறு இறக்குமதியாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களுள் ஒருவர், பெண்களுக்கான சைக்கிள் ஓட்டும் ஆடைகளைத் தயாரிக்கும் வெர்மான்ட் மாநிலத்தின் டெர்ரி பிரெசிஷன் சைக்கிளிங். 2025 மே 28 அன்று பன்னாட்டு வணிக நீதிமன்றத்திலும் ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டிலும் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்திய-அமெரிக்கப் பேச்சுவார்த்தையில் ரஷ்ய எண்ணெய்க்கான 25 சதவீதம் 2026 பிப்ரவரி தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதே மாதம் 20 அன்று, 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிகாலப் பொருளாதாரச் சட்டம் அதிபருக்கு இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரம் தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உடனே 1974-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ், 150 நாட்கள் வரையே நீடிக்கக்கூடிய புதிய வரி வந்தது. பழைய 16.5 சதவீதத்தை எந்தத் தீர்ப்பும் தொடவில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாததாகிப்போன வரியைத் திரும்பப் பெறுவதிலும் சிறு நிறுவனத்துக்குச் சிக்கல் உண்டு. சுங்கப் பதிவில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் உரியது. வரியும் சேர்த்துத் தன் வாசலில் ஒப்படைக்கும் விலைக்கு வாங்கிய பல சிறு நிறுவனங்களின் பெயர் அந்தப் பதிவில் இருக்காது, முகவர் பெயரோ கூரியர் நிறுவனத்தின் பெயரோ இருக்கும். எனவே ஒவ்வொரு ஷிப்மென்டின் சுங்கப் பதிவு நகல், வரி கட்டிய சீட்டு, முகவரோடான ஒப்பந்தம் ஆகியவற்றைத் தேடி எடுத்துவைப்பது இப்போது முதல் வேலை.

பெயர் சரியாக இருந்து பணம் வந்துவிட்டாலும், அது முழுவதும் இறக்குமதியாளருடையதுதானா என்ற கேள்வி இருக்கிறது. வரியைச் சமாளிக்கத் திருப்பூரின் தொழிற்சாலை 8 டாலர் டி-ஷர்ட்டுக்கு 60 சென்ட் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்த 60 சென்ட் யாரோ சிலருடைய ஓவர்டைமிலிருந்தும் விடுபட்ட ஷிப்டிலிருந்தும் வந்தது. சட்டம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தம் சொல்லலாம். வரி ஏறினால் யார் எவ்வளவு சுமப்பது, திரும்பி வந்தால் யாருக்கு எவ்வளவு போவது, வெட்டி முடித்த துணிக்கான ஆர்டரை வரியைக் காரணம் காட்டி ரத்து செய்யக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட முடியும். தள்ளுபடியாகப் போன தொகை தையல் கூடத்துக்குத் திரும்பும்போது, அது தொழிலாளர்களின் சம்பளத்தில் சேர வேண்டும் என்ற நான்காவது நிபந்தனையையும் அதில் சேர்க்கலாம்.